திறந்து பார்க்காத சங்கிலிப் பெட்டி

எங்கள் ஆட்கள் பனி பார்க்க மலைக்குப் போவதற்கு முன் செய்யும் முதல் காரியம் புளியோதரை கிண்டுவது. இரண்டாவது, என்னிடம் வந்து, பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி வாங்குவது. மலையில் பனி பெய்யாமல் ஏமாற்றிவிட்டால், ஊர் திரும்பிய மறுநாளே அந்தச் சங்கிலியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, புளியோதரை நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள். அமெரிக்காவில், சான்டா கிளாராவில் கார் உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றின் கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்தாறு குளிர்காலம் நின்றவன் நான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அதே கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம், வாடிக்கையாளனாக நிற்க நேர்ந்தது. அங்கே நடந்த ஒரு சின்ன விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. அது புரிய வேண்டுமானால் தொண்ணூறுகளின் நடுவில் நடந்த ஒரு சனிக்கிழமையை முதலில் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து ஈரோட்டில் லாரி ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருடம் கையில் கிரீஸோடு இருந்தேன். மனைவி சாந்திக்கு இங்கே சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததும் கூடவே வந்தேன். கிரீன் கார்டு வரும்வரை எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. சன்னிவேல் அபார்ட்மென்டில் துணி மடித்து, பருப்பு வேகவைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களின் கார்களைச் சும்மாவே ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு வந்த வாரமே இந்தக் கடையில் சேர்ந்துவிட்டேன். எனக்கு வேலை கிடைத்ததில் என்னைவிட சாந்திக்குத்தான் நிம்மதி. நான் வைக்கும் சாம்பாரிலிருந்து தப்பித்தாள்.

கடை மேனேஜர் பெயர் லிண்டா. அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரும் அவர் கணவரும் பதினோரு வருடம் லாரி ஓட்டியவர்கள், அதுவும் தாஹோ ஏரிக்குப் போகும் அதே மலைப்பாதையில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்புச் செய்துவிட்டால் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு மூன்றே கேள்வி கேட்பார். என்ன பார்த்தாய், என்ன செய்தாய், இன்னும் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது. நாலாவது கேள்வி கிடையாது. ஏன் செய்தாய் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. ஈரோட்டில் என் முதலாளி ஸ்பேனரை வீசிவிட்டு 'ஏன்டா' என்று ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை போகும். அதற்குப் பழகிய எனக்கு லிண்டாவின் இந்தப் பேசாத்தன்மைதான் பயமாக இருந்தது.

நாங்கள் இருக்கும் பகுதியில் பனி பெய்யாது. பனி வேண்டுமென்றால் நாலு மணி நேரம் கார் ஓட்டி மலை ஏற வேண்டும். புயல் நாட்களில் மலை அடிவாரத்துக்கு மேலே ஒரு இடத்தில் சாலை ஊழியர்கள் எல்லா வண்டியையும் நிறுத்திவிடுவார்கள். சங்கிலி மாட்டினால் மேலே போகலாம், இல்லாவிட்டால் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அந்த இரண்டிலும் மாட்ட வேண்டும்; ஒரு பெட்டியில் இரண்டுக்கும் சங்கிலி இருக்கும். டயர் அளவும் சங்கிலி அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான், ஆனால் இதில்தான் எத்தனை கூத்து. ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் வாங்கினால் போதாதா என்று கேட்டவர் உண்டு. பிளசன்டனில் ஒரு டாக்டர், மலையில் குளிரில் நின்று மாட்ட முடியாது என்று வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, வெறும் ஃப்ரீவேயில் கடகடவென்று போய், அரை மணி நேரத்தில் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகட்டைக் கிழித்துக்கொண்டு என்னிடம் வந்தார். படித்தவர் பாருங்கள்.

லிண்டா எனக்குச் சங்கிலி விற்கக் கற்றுக்கொடுத்தது ஒரே நாளில். வாடிக்கையாளர் சொல்லும் டயர் அளவை நம்பக்கூடாது. வெளியே போய் மண்டியிட்டு, டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை நாமே படிக்க வேண்டும். முன்சக்கர வண்டியா பின்சக்கர வண்டியா என்று கேட்க வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பழகச் சொல்ல வேண்டும். விற்பதைவிடத் திருப்பி வாங்குவதில்தான் அவர் கறார். பயன்படுத்தாத சங்கிலியைத் திருப்பித் தரலாம் என்பது கடை விதி. அப்படி வருகிற ஒவ்வொரு பெட்டியையும், யார் கொண்டுவந்தாலும், அவர் எதிரிலேயே திறக்க வேண்டும். கவுன்ட்டரில் ஒரு சாம்பல் நிறக் கம்பளி இருக்கும். அதை விரித்து, சங்கிலியை நீளமாகப் பரப்பி, ஒவ்வொரு கண்ணியையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். சங்கிலியின் முனையில் குட்டித் தகடு ஒன்றில் அளவு பொறித்திருக்கும். அதுவும் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஸ்டிக்கரில் நம் கையெழுத்து. கையெழுத்து விழுந்த பெட்டிதான் மறுபடி அலமாரிக்குப் போகும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. வெள்ளைக்காரர் முன்னால் பெட்டியைத் திறந்தால் அவர்பாட்டுக்கு மேலே டிவியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நம் ஆட்கள் முன்னால் திறந்தால் முகம் மாறிவிடும். 'அப்ப எங்க மேல நம்பிக்கை இல்லையா' என்று வாயால் கேட்க மாட்டார்கள், புருவத்தால் கேட்பார்கள். கோயிலில் பார்க்கும் முகங்கள், பிறந்தநாள் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் முகங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேர்த்துப்போகும்.

இனி அந்த வாரம். புதன்கிழமை சாயந்திரம் செந்தில் வந்தார். ஃப்ரீமான்ட்டில் வீடு, சாஃப்ட்வேர் வேலை, எங்கள் கோபிக்காரர். அவருடைய மாமனார் வீட்டுக்கு நேர் எதிரில்தான் என் அண்ணன் வீடு. அதற்கு முந்தின வாரம் என்னிடம் இரண்டு பெட்டிச் சங்கிலி வாங்கியிருந்தார். அவரிடம் ஒரு சின்னக் காரும் ஒரு மினிவேனும் உண்டு. எதில் போவது என்று வீட்டில் முடிவாகாததால் இரண்டுக்கும் வாங்கிவிட்டு, வேண்டாததைத் திருப்பித் தருவதாகத் திட்டம். சின்னக் காரில் போய்வந்துவிட்டார்கள். இப்போது மினிவேன் சங்கிலியைத் திருப்ப வந்திருந்தார்.

"தொடவே இல்லைங்கண்ணா. மச்சான் கராஜ்ல வெச்சது, அப்படியே எடுத்துட்டு வந்துட்டேனுங்க" என்றார்.

நீலப் பிளாஸ்டிக் பெட்டி, மேலே மினிவேன் அளவுள்ள ஸ்டிக்கர். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், அதில் ஒருவர் தமிழ். செந்தில் ஊரில் மழை பெய்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பளியை விரிக்கக் கை போனது. போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டு, பெட்டியை அலமாரியில் வைத்தேன். லிண்டா உள்ளே ஆபீஸ் அறையில் இருந்தார். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வாரக்கடைசியில் புயல் வருகிறது என்று டிவியில் சொல்லிவிட்டான், கடையில் திருவிழாக் கூட்டம். மினிவேன் அளவுச் சங்கிலி எல்லாம் தீர்ந்து ஒரே ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. செந்தில் திருப்பிய பெட்டி. கடை மூடும் நேரத்துக்கு பிளசன்டனிலிருந்து சேகர் வந்தார், சென்னைக்காரர். கூடவே ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அப்பா. மங்கிகேப் போட்டுக்கொண்டு கடையில் இருந்த எல்லாச் சாமானையும் தொட்டுத்தொட்டுப் பார்த்தார் பெரியவர். சனிக்கிழமை மலைக்குப் போகிறார்கள். சேகர், அவர் மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை, இரண்டு பெரியவர்கள். நான் வெளியே போய் மண்டியிட்டு டயர் எண்ணைப் படித்தேன். முன்சக்கர வண்டி என்று உறுதி செய்துகொண்டேன். நாளைக்கே வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

சேகர் சிரித்தார். "சார், மாட்டிப் பாத்துட்டா அப்புறம் ரிட்டர்ன் பண்ண முடியாதே. அங்க ஸ்னோ இல்லன்னா என்ன பண்றது? நான் பெட்டியையே திறக்கப் போறதில்ல."

பெரியவருக்கு வேறு கவலை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும், தவறினால் பத்தரைக்கு மேல்தான் என்று மகனிடம் கண்டித்துச் சொன்னார். ஆறு மணிக்கே கிளம்பப் போகிறோம் அப்பா என்றார் சேகர். நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். என் கல்யாணத்தையே வேண்டுமென்று ராகுகாலத்தில்தான் வைத்தார். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேடிக்கை. பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கடை போன் அடித்தது. செந்தில். குரலே சரியில்லை.

"அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் மலைக்குப் போவதற்காக செந்திலின் சின்னக் கார் சங்கிலியை இரவல் கேட்க வந்திருக்கிறார். நம் ஆட்களிடம் ஒரு சங்கிலி இருந்தால் அது தெருவுக்கே சங்கிலி. பெட்டியைத் திறந்தால் உள்ளே கவர்கூடப் பிரிக்காத புத்தம்புது மினிவேன் சங்கிலி. மலையிலிருந்து வந்த அன்று மச்சான், நனைந்த சங்கிலியை ஹோஸ் பைப்பில் கழுவித் துடைத்து, நல்ல பிள்ளையாக, கிளம்பும்போது தானே வெளியே எடுத்துப்போட்ட மினிவேன் சங்கிலியை இதன் பெட்டியிலும் இதை அதன் பெட்டியிலும் வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே நீலப் பெட்டி. அப்படியானால் செந்தில் என்னிடம் திருப்பியது மலை ஏறி இறங்கிய சின்னக் கார் சங்கிலி. அதை நான் கையெழுத்துப் போட்டுச் சேகருக்கு விற்றிருக்கிறேன்.

அந்தச் சங்கிலி சேகரின் சக்கரத்தைச் சுற்றி முழுதாக எட்டாது. நல்லபடியாக நடந்தால் மலையில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் எனக்கு நம் ஆட்களைத் தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், குழந்தை பனியைப் பார்க்க வேண்டும் என்று எப்படியாவது இழுத்து, கம்பி கட்டி, கயிறு கட்டி, அட்ஜஸ்ட் பண்ணி மேலே போகப் பார்ப்போம். கட்டியது ஒரு வளைவில் அறுந்தால், அறுந்த முனை சக்கரத்தோடு சுழன்று பிரேக் குழாயை அறுத்துவிடும். வண்டிக்குள் ஐந்து பேர். அதில் ஒன்று குழந்தை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலேயே மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நான் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்ற நினைப்பும் ஒரு நொடி வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. பொய்க் கையெழுத்துக்கு அந்தக் கடையில் ஒருவரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு அந்த வேலை போனால் மறுபடி துணி மடிக்கத்தான் போக வேண்டும். அந்த நினைப்போடேதான் ஆபீஸ் அறைக் கதவைத் தட்டினேன்.

லிண்டா கண்ணாடியை இறக்கினார். என்ன பார்த்தாய் என்றார். செந்தில் போனில் சொன்னதைச் சொன்னேன். என்ன செய்தாய் என்றார். திறக்கவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன் என்றேன். பிறகு, இன்னும் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்றார்.

பில்லின் நகலில் சேகரின் வீட்டு நம்பர் இருந்தது. அப்போதெல்லாம் கையில் போன் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் ஆளைப் பிடிக்கவே முடியாது. ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் மலை அடிவாரத்தையே நெருங்கியிருப்பார்கள். அடித்தேன். எங்கேஜ்டு. மறுபடி அடித்தேன். எங்கேஜ்டு. வாழ்க்கையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். லைன் எங்கேஜ்டு என்றால் வீட்டில் ஆள் இருக்கிறது. மணி ஒன்பது இருபது. ஒன்பதுக்குள் கிளம்பவில்லை என்றால் பெரியவர் பத்தரைவரை யாரையும் வாசல் தாண்ட விடமாட்டார்.

லிண்டாவிடம் இதை ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருந்தது. என் அப்பா உயிரோடு இருந்து பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். தினமும் ஒன்றரை மணி நேரம் எங்கள் ஆட்கள் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், சனிக்கிழமை அது ஒன்பதிலிருந்து பத்தரை என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீயும் நம்புகிறாயா என்றார். இல்லை, ஆனால் அவர் நம்புவதை நான் நம்புகிறேன் என்றேன். லிண்டா சாம்பல் கம்பளியை மடித்து என் கையில் கொடுத்தார். நீ போ, லைன் கிடைக்கும்வரை நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன் என்றார்.

சரியான சங்கிலி செந்தில் வீட்டில்தான் இருந்தது. நல்லவேளை ஃப்ரீமான்ட் போகிற வழியில்தான். போன் பண்ணியிருந்ததால் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். நானும் வர்றேனுங்க என்று ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. 680 ஃப்ரீவேயில் ஏறியதும்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அண்ணா, அன்னிக்கே நீங்க திறந்து பாத்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "பாத்திருந்தா நீங்க என்ன நினைச்சிருப்பீங்க, செந்தில்? உண்மையைச் சொல்லுங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோவப்பட்டிருப்பேனுங்க. வீட்டுல போய்ச் சொல்லியுமிருப்பேன். உங்க கடைப் பக்கம் கொஞ்ச நாளைக்கு வந்திருக்க மாட்டேன்."

அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். இல்லைங்கண்ணா, நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன் என்று சொல்வதுதான் எளிது. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

சுனோல் மேட்டில் ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு லேன் அடைத்து வண்டிகள் ஊர்ந்தன. பத்து இருபது. பத்து இருபத்தைந்து. ராகுகாலம் முடிந்துவிடக்கூடாது என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தவித்தவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேட்டைத் தாண்டும்போதே பத்தரை. சேகர் வீட்டுத் தெருவில் திரும்பும்போது பத்து நாற்பத்திரண்டு. போயிருப்பார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மினிவேன் வாசலிலேயே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, குழந்தை சீட்டில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தது, சேகரின் அம்மா மடியில் புளியோதரைத் தூக்கு. சேகர் சாவியும் கையுமாக வீட்டுக் கதவுக்கும் வண்டிக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"சார், உங்க கடையிலேர்ந்து ஒரு லேடி போன். அப்பாகிட்ட பேசிண்டிருக்காங்க, பத்து நிமிஷமா அப்பா என்கிட்ட போனைக் குடுக்கவே மாட்டேங்கறார்."

நடந்தது இதுதான். ஆறு மணிப் பயணம் வழக்கம்போல ஒன்பதையும் தாண்டிவிட, காலை முழுக்க சேகர் மலைப்பாதை நிலவரம் பார்க்க இன்டர்நெட்டில் இருந்திருக்கிறார். அந்தக் காலத்து இன்டர்நெட் போன் லைனிலேயே வரும், ஒரு படம் இறங்குவதற்குள் காபி ஆறிவிடும். பத்தரை அடித்ததும் அதை நிறுத்திவிட்டு வெளியே வந்திருக்கிறார். அந்த நிமிடமே லிண்டாவின் அழைப்பு உள்ளே போய்விட்டது. எடுத்தது பெரியவர். லிண்டாவின் அமெரிக்க ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரிந்தது. நாங்கள் கிளம்புகிறோம் என்று சொல்லிப் போனை வைக்கப் போயிருக்கிறார். வைத்தால் போய்விடுவார்கள் என்று பயந்த லிண்டா, ராகுகாலம் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார். நான் சமையலறைக்குள் போனபோது பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, திங்கள் இத்தனை மணி, செவ்வாய் இத்தனை மணி என்று உற்சாகமாகச் சொல்லி முடித்து வியாழக்கிழமைக்கு வந்திருந்தார். அந்தப் பக்கம் லிண்டா எழுதிக்கொண்டிருந்தது அவர் 'ஓகே, ஓகே' என்பதிலேயே தெரிந்தது.

வாசலில் கம்பளியை விரித்தேன். சேகரின் பெட்டியைத் திறந்து சங்கிலியைப் பரப்பினேன். கண்ணிகளில் பொட்டுப் பொட்டாகத் துரு. முனைத் தகட்டில் சின்னக் கார் அளவு. புதன்கிழமை சாயந்திரம் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. சேகர் தகட்டைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கடையில இதெல்லாம் செக் பண்ண மாட்டீங்களா சார்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வெறுமனே கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் செந்தில் முன்னால் வந்தார். "என்னை நம்பிட்டாருங்க. நான்தான் தப்பான பெட்டியைக் குடுத்தேன்" என்றார்.

"இல்லைங்க. தப்பு என்னோடது. திறக்காமயே திறந்து பாத்தேன்னு கையெழுத்துப் போட்டது நான்" என்றேன்.

சரியான சங்கிலியை எடுத்து, சேகரையே கம்பளிமேல் படுக்கவைத்து, இரண்டு முன்சக்கரத்திலும் மாட்டிக் கழற்ற வைத்தேன். முதல் சக்கரத்துக்கு இருபது நிமிடம், இரண்டாவதுக்கு எட்டு நிமிடம். குழந்தை ஜன்னலைத் தட்டி, "இஸ் இட் ஸ்னோயிங் ஹியர், அப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கிளம்பும்போது பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நேரம் காலமெல்லாம் பார்ப்பதுண்டா என்று விசாரித்தார். இல்லை என்றேன், பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பரவால்ல. இன்னிக்கு நான் பாத்தது ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை சேகர் போன் செய்தார். மலையில் கண் தெரியாத பனி, ஒரு மைலுக்கு வண்டிகள் வரிசை, எல்லோரும் விரல் விறைத்துத் தடுமாறும்போது தான் கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டதாகச் சொன்னார். குழந்தை பனியைத் தின்று பார்த்ததாம். பெட்டியைத் திருப்பித் தர வரமாட்டேன் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

லிண்டா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் கம்பளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதை வாங்கிக்கொள்ளவில்லை. இனிமேல் இந்தக் கடையில் திரும்பி வரும் பெட்டிகள் எல்லாம் உன் பொறுப்பு என்றார். அது தண்டனையா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியவரிடம் கேட்டு எழுதிய காகிதத்தைச் சங்கிலி அளவு அட்டவணைக்குப் பக்கத்தில் குத்தி வைத்தார். அதற்கப்புறம் நம் ஆட்கள் யாராவது வந்தால் கண்ணாடியை இறக்கி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஒன்பதுக்கு முன்னாலா பத்தரைக்குப் பின்னாலா என்று கேட்பார். வந்தவர்கள் மிரண்டு போவார்கள். ஓய்வு பெற்று ஓரிகன் பக்கம் போகும்வரை அவருக்கு இது பெரிய தமாஷ்.

நான் அதற்குப் பின் ஒரு பெட்டியைக்கூடத் திறக்காமல் வாங்கியதில்லை. அண்ணன் கொண்டுவந்தாலும் சரி, கோயில் தர்மகர்த்தா கொண்டுவந்தாலும் சரி, கம்பளி விரியும். சில பேர் முகம் சுருங்கியது, சில பேர் வருவதையே நிறுத்தினார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தயங்கினால், அதெல்லாம் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சும்மா திற என்று சொல்வேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மகளும் மருமகனும் மலைக்குப் போகச் சங்கிலி வாங்கினார்கள். பனி பெய்யவில்லை. திருப்பிக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். கவுன்ட்டரில் ஒரு தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்தவள், கல்லூரி போய்க்கொண்டே வேலை பார்க்கிறாள். சுவரில் பழைய ஊழியர்கள் போட்டோவில் என் முகமும் இருக்கிறது. அவள் தலைக்கு நேர் மேலே. நான் பெட்டியை வைத்துவிட்டு, தொடவே இல்லைம்மா என்றேன். அவள் கம்பளியை விரித்தாள். "சாரி அங்கிள், ஐ ஹேவ் டு ஓப்பன் இட்" என்றாள். ஒவ்வொரு கண்ணியாகத் தடவ ஆரம்பித்தாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. என்னையா? நான் யாரென்று மேலே திரும்பிப் பார்த்தால் தெரியுமே? வரிசையில் பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு முழு நிமிடம் எனக்கு அந்தப் பெண் மேல் கோபமே இருந்தது. அவள் தகட்டைப் பார்த்து, ஸ்டிக்கரைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, 'ஆல் குட் அங்கிள்' என்று சொல்லும்வரை இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செந்திலுக்குப் போன் செய்தேன். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது, பேரன் இருக்கிறான். நடந்ததைச் சொன்னேன். அன்னிக்குக் கார்ல நீங்க சொன்னது சரிதான், நல்லாத்தான் சுடுது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பொண்ணு முழுசாப் பாத்துதுங்களாண்ணா? கடைசிக் கண்ணி வரைக்கும்?"

"பாத்துது."

"அப்ப விடுங்க" என்றார்.